பாலத்துக்கு அந்தப் பக்கம் என் துப்பாக்கி உரிமம் செல்லாதா?

ஆலன்டவுன் அன்பழகன் | சனி, இரவு 11:48

கை இன்னும் நடுங்குகிறது. நடந்ததை முதலில் எழுதிவிடுகிறேன், கேள்வி பிறகு.

பென்சில்வேனியாவில் ஒரு பெட்ரோல் நிலையக் கடையில் எனக்கு இரவுப் பொறுப்பு. சென்ற ஆண்டு ஒருவன் கத்தியைக் காட்டிக் கல்லாவைத் திறக்கச் சொன்னான். அதற்குப் பிறகுதான் கைத்துப்பாக்கி வாங்கினேன். கவுண்டி ஷெரிப் அலுவலகத்தில் மறைத்து எடுத்துச் செல்லும் உரிமமும் பெற்றேன். கட்டணம் 20 டாலர், ஐந்து ஆண்டுகளுக்குச் செல்லும். பயிற்சிச் சான்று கேட்கவே இல்லை. நானாகத்தான் ஒரு நாள் பயிற்சிக்குப் போய்வந்தேன். கிரீன் கார்டு வைத்திருக்கிறேன். இதுவரை ஒரு வேகக் கட்டுப்பாட்டு அபராதம்கூடக் கட்டியதில்லை.

இன்று காலை மனைவி, இரண்டு குழந்தைகளுடன் நியூ ஜெர்சியில் உள்ள எடிசனுக்குக் கிளம்பினோம். மாதம் ஒரு முறை ஓக் ட்ரீ சாலையில் மளிகை வாங்குவது வழக்கம். ஐ-78 சாலையில் டெலவேர் ஆற்றுப் பாலத்தைக் கடந்து பத்து நிமிடம் ஆகியிருக்கும். சின்னவள் மூக்கு ஒழுகுகிறது என்றாள். காகிதக் கைக்குட்டை எடுக்க இருக்கைகளுக்கு நடுவே உள்ள பெட்டியைத் திறந்த மனைவி, சத்தமில்லாமல் அதை மூடினாள். "உங்கள் பொருள் உள்ளேயே இருக்கிறது" என்றாள்.

இரவு வேலை முடிந்து வந்த அசதியில் அதை எடுத்து அலமாரியில் பூட்ட மறந்திருக்கிறேன். தோட்டா நிரப்பியபடியே இருந்தது. அடுத்த வெளிவழி வரும்வரை வலப்பக்கத் தடத்திலேயே ஓட்டினேன். பின்னால் வந்த ஒவ்வொரு வெள்ளைக் காரும் போலீஸ் காராகத் தெரிந்தது. திரும்பி வீட்டுக்கு வந்துவிட்டோம். ஏன் மளிகைக்குப் போகவில்லை என்று பெரியவன் கேட்டபடியே இருந்தான்.

அங்கே என்னை நிறுத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? என் ஓட்டுநர் உரிமம் ஐம்பது மாநிலங்களிலும் செல்லும்போது, ஷெரிப் கையெழுத்திட்ட இந்த உரிமம் ஏன் ஆற்றங்கரையோடு நின்றுபோகிறது?

---

நெவார்க் மீனாட்சி | ஞாயிறு, காலை 7:15

தம்பி, நீங்கள் திரும்பிப் போனது நல்லது. நான் வழக்கறிஞர் இல்லை. குற்ற வழக்குகளை எடுத்து நடத்தும் ஓர் அலுவலகத்தில் 14 ஆண்டுகளாக உதவியாளராக இருக்கிறேன். உங்களைப் போன்றவர்களின் கோப்புகள் என் மேசைக்கு வந்தபடியேதான் இருக்கின்றன. முக்கால்வாசிப் பேர் பென்சில்வேனியாக்காரர்கள்.

நியூ ஜெர்சி வேறு எந்த மாநிலத்தின் உரிமத்தையும் ஏற்பதில்லை. நியூ ஜெர்சி உரிமம் இல்லாமல் கைத்துப்பாக்கி வைத்திருப்பது இங்கே இரண்டாம் நிலைக் குற்றம். ஐந்து முதல் பத்து ஆண்டுகள் வரை சிறை. அதில் குறைந்தது 42 மாதங்கள் பரோல் இல்லாமல் உள்ளே இருந்தாக வேண்டும் என்கிறது கிரேவ்ஸ் சட்டம். நீங்கள் யாரையும் மிரட்டியிருக்க வேண்டியதில்லை. துப்பாக்கியைத் தொட்டிருக்கவும் வேண்டியதில்லை. காரில் இருந்தாலே போதும்.

2013 அக்டோபரில் பிலடெல்பியாவைச் சேர்ந்த இளம் தாய் ஒருவரை அட்லாண்டிக் கவுண்டியில் போக்குவரத்து விதிமீறலுக்காக நிறுத்தினார்கள். என்னிடம் துப்பாக்கி இருக்கிறது, பென்சில்வேனியா உரிமமும் இருக்கிறது என்று அவரே சொன்னார். நேர்மையாகச் சொன்ன அந்த வாக்கியம்தான் அவரைச் சிறைக்குக் கொண்டுபோனது. முதல் முறை தவறியவர்களுக்கான மாற்றுத் திட்டத்தில் அவரைச் சேர்க்க அரசு வழக்கறிஞர் முதலில் மறுத்தார். நாடு முழுவதும் எதிர்ப்பு எழுந்தது. பிறகு, 2014 செப்டம்பரில்தான் அந்த முடிவு மாறியது. 2015 ஏப்ரலில் ஆளுநர் கிறிஸ் கிறிஸ்டி அவருக்கு முழு மன்னிப்பு அளித்தார். அந்த வழக்குக்குப் பிறகு, வெளிமாநில உரிமம் வைத்திருந்து அறியாமல் வந்தவர்களிடம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று அரசு வழக்கறிஞர்களுக்கு வழிகாட்டுதல் வந்தது. ஆனால் அது கருணைக்கு இடம் கொடுக்கும் வழிகாட்டுதல்தான். குற்றம் குற்றமாகவே சட்டப் புத்தகத்தில் இருக்கிறது.

---

ஹூஸ்டன் கதிரவன் | ஞாயிறு, காலை 9:02

மீனாட்சி அம்மா எழுதியதைப் படித்ததும் கோபம் வருகிறது. அவர் மீது அல்ல, அந்தச் சட்டத்தின் மீது.

2022 ஜூன் 23 அன்று உச்ச நீதிமன்றம் புரூயன் வழக்கில் தெளிவாகச் சொன்னது: தற்காப்புக்காகக் கைத்துப்பாக்கியை வீட்டுக்கு வெளியே எடுத்துச் செல்வது அரசியலமைப்பு தரும் உரிமை. ஆறு நீதிபதிகள் ஒரு பக்கம், மூவர் மறுபக்கம். தீர்ப்பை எழுதியவர் கிளாரன்ஸ் தாமஸ். தகுந்த காரணம் காட்டினால்தான் உரிமம் என்று நியூயார்க் 1913 முதல் வைத்திருந்த சட்டம் அன்று விழுந்தது. பேச்சுரிமைக்கு ஒவ்வொரு மாநில எல்லையிலும் தனி அனுமதி வாங்குகிறோமா? வழிபாட்டுக்கு வாங்குகிறோமா? அப்படியிருக்க, இந்த உரிமை மட்டும் ஒரு பாலத்தின் நடுவில் எப்படி ஆவியாகிப்போகும்?

2011 டிசம்பரில் டென்னசியிலிருந்து நியூயார்க்குக்குச் சுற்றுலா வந்த மருத்துவ மாணவி ஒருவர், செப்டம்பர் 11 நினைவிடத்தில் துப்பாக்கிக்கு அனுமதி இல்லை என்ற பலகையைப் பார்த்தார். இதை எங்கே ஒப்படைப்பது என்று காவலரிடம் கேட்டார். கைது செய்தார்கள். குறைந்தது மூன்றரை ஆண்டுச் சிறைக்குரிய குற்றச்சாட்டு அவர் மீது வந்தது. கடைசியில் சிறு குற்றமாகக் குறைத்தார்கள். ஆனால் அந்த மாதங்களில் அவர் பட்ட பாட்டை யார் திருப்பிக் கொடுப்பது? அடுத்தவரைக் கொல்ல நினைப்பவன் காவலரிடம் போய் இடம் கேட்பானா?

அன்பழகன், நீங்கள் குற்றவாளி இல்லை. இரவெல்லாம் உழைத்துவிட்டு ஒரு பொருளை எடுத்துவைக்க மறந்த குடும்பத் தலைவர். அவ்வளவுதான்.

---

சுந்தரி, நியூ பிரன்ஸ்விக் | ஞாயிறு, காலை 11:30

கதிரவன், உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. என் பக்கத்தையும் கேளுங்கள்.

நான் அவசரப் பிரிவில் செவிலியர். துப்பாக்கிக் காயத்தோடு ஒருவர் வந்தால் முதல் வேலை ஆடையைக் கத்தரிப்பது. தோட்டா நுழைந்த துளையின் வழியாகக் கத்தரிக்கக் கூடாது, அது தடயம். கத்தரித்த துணியைக் காகிதப் பையில் போட வேண்டும். பிளாஸ்டிக்கில் போட்டால் ரத்த ஈரத்தில் தடயம் கெட்டுவிடும். போன மாதம் அப்படி ஒரு பள்ளிச் சீருடையைக் காகிதப் பையில் போட்டேன். இதை நாடகத்துக்காக எழுதவில்லை. உரிமை என்ற சொல்லை நீங்கள் எழுதும்போது என் கண்ணுக்குத் தெரிவது அந்தப் பை.

அன்பழகனே எழுதியிருக்கிறார்: 20 டாலர், பயிற்சி தேவையில்லை. இன்று 29 மாநிலங்களில் அந்த உரிமம்கூட வேண்டாம். வாங்கலாம், இடுப்பில் செருகிக்கொண்டு நடக்கலாம். எங்கள் மாநிலத்தில் என்ன நடைமுறை? 200 டாலர் கட்டணம், நம்மை நன்கு அறிந்த நான்கு பேரின் சான்று, துப்பாக்கிப் பயிற்சி. இத்தனையும் முடித்தால் இரண்டு ஆண்டுகளுக்கு உரிமம். இந்த விதிகளை நாங்கள் தேர்ந்தெடுத்த சட்டமன்றம் எழுதியது. ஐ-78 வழியாக வரும் ஒருவருக்காக அதையெல்லாம் நாங்கள் ஏன் மூட்டை கட்ட வேண்டும்?

எல்லா மாநிலங்களும் பரஸ்பரம் ஏற்க வேண்டும் என்ற மசோதாவும் இதைத்தான் கேட்கிறது. 2017 டிசம்பரில் பிரதிநிதிகள் சபையில் 231-க்கு 198 என்று நிறைவேறி, செனட்டில் உறங்கிப்போனது. 2025 ஜனவரியில் வட கரோலினாவின் ரிச்சர்ட் ஹட்சன் மீண்டும் கொண்டுவந்தார், மார்ச்சில் நீதித்துறைக் குழு ஒப்புதல் கொடுத்தது. உரிமமே கேட்காத மாநிலத்தில் வசிப்பவர், புகைப்பட அடையாள அட்டையைக் காட்டினால் எங்கள் ஊரில் மறைத்து எடுத்துச் செல்லலாம் என்பது அதன் சாரம். ஐம்பது மாநிலங்களில் எது மிகத் தளர்வானதோ அதன் விதியே எல்லோருக்கும் விதியாகும்.

---

ஹூஸ்டன் கதிரவன் | ஞாயிறு, பகல் 12:10

சுந்தரி, அந்தப் பையைப் பற்றி நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் அந்தச் சீருடையைத் துளைத்த துப்பாக்கிக்கு உரிமம் இருந்திருக்காது என்றே நம்புகிறேன்.

உங்கள் விதிகளைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. மதுக்கடையில் எடுத்துச் செல்லாதே, நீதிமன்றத்தில் எடுத்துச் செல்லாதே என்று நீங்கள் போடும் கட்டுப்பாடுகள் வருபவருக்கும் பொருந்தட்டும். டெக்சஸிலிருந்து ஓட்டி வருகிறவன் உங்கள் வேகக் கட்டுப்பாட்டை மதிப்பது போல.

இன்னொன்று. 2004-இல் கொண்டுவந்த மத்தியச் சட்டப்படி, தகுதியுள்ள காவலர்களும் ஓய்வுபெற்ற காவலர்களும் நாட்டின் எந்த மாநிலத்திலும் மறைத்து எடுத்துச் செல்லலாம். ஓய்வுபெற்ற காவலருக்குப் பாலம் தடையில்லை, இரவுக் கடைக்காரருக்கு மட்டும் தடை என்றால் அது என்ன நியாயம்?

---

நெவார்க் மீனாட்சி | ஞாயிறு, மாலை 4:40

இரண்டு செய்திகளை நேராக்க வேண்டியிருக்கிறது.

ஒன்று, ஓட்டுநர் உரிமம். எல்லோரும் அதைத்தான் எடுத்துக்காட்டுகிறார்கள், அன்பழகன் தம்பியும் கேட்டார். அரசியலமைப்பின் நான்காம் பிரிவு அதைக் கட்டாயமாக்கவில்லை. ஒரு மாநிலத்தின் நீதிமன்றத் தீர்ப்பை மற்ற மாநிலங்கள் மதிக்க வேண்டும் என்பது வேறு, ஒரு மாநிலம் கொடுத்த உரிமத்தை மதிப்பது வேறு. ஓட்டுநர் உரிமம் எங்கும் செல்வதற்குக் காரணம், ஒவ்வொரு மாநிலமும் அப்படி ஒரு விதியைத் தன் சட்டத்தில் எழுதிக்கொண்டதுதான். துப்பாக்கிக்குச் சில மாநிலங்கள் அப்படி எழுதின. நியூ ஜெர்சி, நியூயார்க், கலிபோர்னியா போன்றவை எழுதவில்லை. நியூயார்க்கில் இன்னும் ஒரு படி மேல்: மாநிலத்தின் வடபகுதியில் வாங்கிய உரிமம், தனி ஒப்புதல் இல்லாமல் நியூயார்க் நகரத்துக்குள் செல்லாது. ஒரே மாநிலத்துக்குள்ளேயே இப்படி.

இரண்டு, மத்தியச் சட்டம் காப்பாற்றும் என்ற நம்பிக்கை. இதுதான் அதிகம் பேரைக் கவிழ்க்கிறது. 1986-இல் வந்த துப்பாக்கி உரிமையாளர் பாதுகாப்புச் சட்டத்தில் ஒரு பாதுகாப்பு இருக்கிறது. சட்டப்படி வைத்திருக்கக்கூடிய ஓர் இடத்திலிருந்து, அதே போன்ற மற்றோர் இடத்துக்குத் துப்பாக்கியைக் கொண்டுபோகலாம். இடையில் உள்ள மாநிலத்தின் சட்டம் தடுக்காது. ஆனால் தோட்டா நிரப்பியிருக்கக் கூடாது. துப்பாக்கியும் தோட்டாவும் பயணிகள் அமரும் பகுதியிலிருந்து எட்டும்படி இருக்கக் கூடாது. டிக்கி தனியாக இல்லாத வண்டியென்றால் பூட்டிய பெட்டியில் இருக்க வேண்டும். அந்தப் பெட்டி டாஷ்போர்டில் உள்ளதாகவோ இருக்கைகளுக்கு நடுவே உள்ளதாகவோ இருக்கக் கூடாது என்று சட்டமே பெயர் சொல்லி விலக்குகிறது. தம்பி, உங்கள் துப்பாக்கி இருந்த இடம் அதேதான். போன இடமும் எடிசன், கடந்து போகும் வழி அல்ல. உங்களுக்கு அந்தச் சட்டத்தில் ஒரு சொல்கூட உதவாது.

அந்தச் சட்டத்தைச் சரியாகப் பின்பற்றியவருக்கே என்ன ஆனது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2005-இல் யூட்டாவைச் சேர்ந்த ஒருவர் விமானத்தில் உங்கள் ஆலன்டவுனுக்குத்தான் வந்துகொண்டிருந்தார். தோட்டா இல்லாத துப்பாக்கி பூட்டிய பெட்டியில், விதிப்படி அறிவித்து, சரக்கில். நெவார்க்கில் விமானம் மாற வேண்டும். இணைப்பு தவறியது, பையும் உடனே கிடைக்கவில்லை. பை கைக்கு வந்தபோது போக வழியில்லை. விமான நிலைய விடுதியில் ஓர் இரவு தங்கினார். மறுநாள் காலை விமான நிலையத்தில், பையில் துப்பாக்கி இருக்கிறது என்று அவரே அறிவித்தார். கைவிலங்கு போட்டார்கள். சில நாட்கள் சிறை. வழக்கைப் பிறகு கைவிட்டார்கள், ஆனால் அவருடைய பொருட்கள் திரும்பக் கிடைக்க ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் ஆயின.

அவர் வழக்குத் தொடுத்தார். 2010-இல் நியூ ஜெர்சியை உள்ளடக்கிய மூன்றாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. விடுதி அறையில் அந்த இரவு முழுவதும் துப்பாக்கி அவர் கைக்கு எட்டும் இடத்தில் இருந்தது, அதனால் பாதுகாப்பு அறுந்துபோனது என்றது. தன் தவறில்லாமல் இக்கட்டில் மாட்டிக்கொண்டார் என்று நீதிபதிகளே ஒப்புக்கொண்டார்கள். பையைக் கையில் வாங்குவதற்கு முன் விமான நிலையக் காவலரிடம் போய்ச் சொல்லியிருக்கலாம் என்றும் எழுதினார்கள். இரவில், ஊர் பேர் தெரியாத இடத்தில், எந்தப் பயணிக்கு அப்படித் தோன்றும்? உச்ச நீதிமன்றம் அவர் மனுவை விசாரணைக்கு எடுக்கவில்லை.

2013-இல் அதே மேல்முறையீட்டு நீதிமன்றம் இன்னொரு முடிச்சும் போட்டது. சட்டத்தில் "வாகனம்" என்ற சொல் வருவதால், வாகனத்தில் கொண்டுபோகிறவருக்கு மட்டுமே பாதுகாப்பு. பையைக் கையில் பிடித்து விமான நிலையத்துக்குள் நடப்பவருக்கு இல்லை. நியூயார்க்கை உள்ளடக்கிய இரண்டாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றமும் 2010-இல், இந்தச் சட்டத்தை மீறிக் கைது செய்தால்கூட அதை வைத்து நஷ்டஈடு வழக்குப் போட முடியாது என்று சொல்லிவிட்டது.

சட்டம் எழுதிய காங்கிரசுக்கு நோக்கம் நல்லதாகத்தான் இருந்திருக்கும். எனக்கு இதில் கட்சி இல்லை. ஆனால் ஒரு மனிதர் எல்லாவற்றையும் அறிவித்துவிட்டும் சிறைக்குப் போகிறார் என்றால், அந்தப் பாதுகாப்பை நம்பி வண்டியை எடுக்காதீர்கள் என்றுதான் நான் சொல்வேன்.

---

பாஸ்டன் இளங்கோ | ஞாயிறு, இரவு 8:25

எங்கள் பக்கத்தில் இந்த விவகாரம் வேறு மாதிரி நகர்கிறது.

நியூ ஹாம்ப்ஷயரில் 2017 முதல் உரிமமே தேவையில்லை. எல்லையைத் தாண்டி மாசசூசெட்சுக்கு வந்தால் உரிமம் இல்லாதது குற்றம். நியூ ஹாம்ப்ஷயரில் வீடு, இங்கே வேலை என்று தினமும் ஓட்டுகிறவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். நியூ ஹாம்ப்ஷயரைச் சேர்ந்த இருவரின் வழக்குகளில் மாசசூசெட்சின் உயர்ந்த நீதிமன்றம் 2025 மார்ச்சில் ஒரே நாளில் தீர்ப்பளித்தது. இருவருமே சாலை விபத்துக்குப் பிறகு போலீஸ் வந்தபோது துப்பாக்கியோடு சிக்கியவர்கள்.

ஒருவர் மீதான குற்றச்சாட்டு 2021-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அப்போதிருந்த சட்டத்தில், வெளிமாநிலத்தவருக்கு உரிமம் கொடுப்பதும் மறுப்பதும் அதிகாரியின் விருப்பம். புரூயன் தீர்ப்பின்படி அது செல்லாது என்று குற்றச்சாட்டைத் தள்ளியது நீதிமன்றம். ஒருவர் தன் மாநில எல்லையைத் தாண்டிப் பயணம் செய்ததால் மட்டுமே அரசியலமைப்பு உரிமையை இழப்பதில்லை என்று கீழ் நீதிமன்ற நீதிபதி முன்பே எழுதியிருந்தார்.

மற்றவர் சிக்கியது 2022-இல் சட்டம் திருத்தப்பட்ட பிறகு. திருத்தத்தின்படி, தகுதி இருந்தால் அதிகாரி கொடுத்தே ஆக வேண்டும். அந்தச் சட்டம் செல்லும், நீங்கள் விண்ணப்பித்திருக்க வேண்டும் என்று அவரிடம் சொன்னது நீதிமன்றம்.

கதிரவன் சொல்வதில் பாதியும் சுந்தரி அக்கா சொல்வதில் பாதியும் அன்று சட்டமாயின. உரிமை எல்லையோடு முடிவதில்லை, ஆனால் எல்லைக்கு அந்தப் பக்கத்தில் உள்ளவரிடம் விண்ணப்பம் கொடுத்துவிட்டுத்தான் வர வேண்டும். நடைமுறையில் இது எளிதில்லை. வெளிமாநிலத்தவருக்கு இங்கே தரும் உரிமம் ஓராண்டு மட்டுமே. வேலைக்காகப் பத்து மைல் ஓட்டுகிறவர் ஒவ்வோர் ஆண்டும் இதையே செய்துகொண்டிருக்க வேண்டும்.

---

டல்லாஸ் முகுந்தன் | திங்கள், காலை 6:50

குறுக்கே ஒரு கேள்வி. நான் எச்-1பி விசாவில் இருக்கிறேன். டெக்சஸில் 2021 முதல் உரிமம் தேவையில்லை என்பதால் வாங்கி வைத்துக்கொள்ளலாம் என்று அலுவலக நண்பர் சொல்கிறார். லூசியானாவுக்கு அடிக்கடி காரில் போகிறேன். அங்கும் இப்போது உரிமம் வேண்டாமாம். எனக்கு எந்தச் சிக்கலும் இல்லை அல்லவா?

---

நெவார்க் மீனாட்சி | திங்கள், காலை 7:05

முகுந்தன், தயவுசெய்து வாங்காதீர்கள். வாங்கியிருந்தால் இன்றே ஒரு வழக்கறிஞரிடம் பேசுங்கள்.

மாநிலச் சட்டம் உங்களைத் தடுக்கவில்லை, மத்தியச் சட்டம் தடுக்கிறது. எச்-1பி, மாணவர் விசா போன்ற தற்காலிக விசாக்களில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதே மத்தியக் குற்றம். வேட்டை உரிமம் வைத்திருப்பவர் போன்ற குறுகிய விதிவிலக்குகள் உண்டு, ஆனால் நண்பர் சொல்லை நம்பி அதற்குள் நுழையாதீர்கள். புளோரிடாவில் மாணவர் விசா நிலையை இழந்த ஓர் இளைஞர் சுடுதளத்துக்குப் போய்ச் சுட்டுப் பழகியதற்காக வழக்கில் சிக்கி, அது 2019-இல் உச்ச நீதிமன்றம்வரை போனது. தன் நிலை சட்டவிரோதமானது என்று அவருக்குத் தெரிந்திருந்ததை அரசு நிரூபிக்க வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. இதைப் படித்துவிட்ட நீங்கள் இனித் தெரியாது என்று சொல்ல முடியாது.

அன்பழகன் தம்பிக்கும் இதில் ஒரு பகுதி இருக்கிறது. நேற்று எழுதத் தயங்கினேன். குடியேற்றச் சட்டத்தில் துப்பாக்கிக் குற்றம் என்று ஒரு தனிப் பிரிவே இருக்கிறது. எந்த மாநிலத்தின் சட்டத்தின் கீழ் தண்டனை பெற்றாலும் சரி, சட்டத்துக்குப் புறம்பாகத் துப்பாக்கி வைத்திருந்ததற்கான தீர்ப்பு கிரீன் கார்டு வைத்திருப்பவரை நாடுகடத்தக் காரணமாகலாம். யாரையும் காயப்படுத்தியிருக்க வேண்டியதில்லை. இருபது ஆண்டுகள் வரி கட்டியது, குழந்தைகள் இங்கே பிறந்தது எதுவும் அந்தப் பிரிவைத் தானாக அழிக்காது.

கதிரவன் பேசுவது உரிமை பற்றி. அவர் குடியுரிமை பெற்றவர் என்று நினைக்கிறேன். அவர் தோற்றால் சிறை, பிறகு வீடு. தம்பி தோற்றால் வீடே இருக்காது. 2010-இல் பாடிலா வழக்கில், குற்றத்தை ஒப்புக்கொள்வதற்கு முன் நாடுகடத்தும் அபாயத்தை வழக்கறிஞர் சொல்லியே ஆக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் கட்டாயமாக்கியது. அதனால் யாராவது இப்படி மாட்டினால், முதல் நாளிலேயே குற்ற வழக்கறிஞரோடு குடியேற்ற வழக்கறிஞரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அரசு வழக்கறிஞர் சிறை இல்லாமல் முடித்துத் தருகிறேன் என்று நீட்டும் காகிதத்தில் அவசரப்பட்டுக் கையெழுத்திடாதீர்கள்.

---

ஹூஸ்டன் கதிரவன் | திங்கள், காலை 8:30

ஆம், நான் குடியுரிமை பெற்றவன். இந்தக் கோணத்தில் நான் யோசித்ததே இல்லை, அம்மா. என் வீட்டுக்கு வருகிற உறவினர்களில் பாதிப் பேர் எச்-1பியில் இருப்பவர்கள். போன தீபாவளி விடுமுறையில் இரண்டு பேரைச் சுடுதளத்துக்கு அழைத்துப் போனேன். இனி அழைத்துப் போக மாட்டேன்.

ஆனால் என் வாதம் இதனால் பலப்படவே செய்கிறது. நல்லெண்ணத்தில் தவறியவரின் வாழ்க்கையே போகும் அளவுக்கு ஒரு சட்டம் இருந்தால், அந்தச் சட்டம் எல்லைப் பலகையில் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும். அந்தப் பாலத்தில் என்ன எழுதியிருக்கிறது? நியூ ஜெர்சிக்கு நல்வரவு.

---

சுந்தரி, நியூ பிரன்ஸ்விக் | திங்கள், இரவு 7:20

பலகை வைக்கச் சொன்னால் நானும் கையெழுத்திடுகிறேன். முதல் தவறுக்கு 42 மாதம் என்பதும் எனக்கு உவப்பில்லை. காவலரிடம் உண்மையைச் சொன்ன தாயைச் சிறையில் போட்டதால் என் அவசரப் பிரிவுக்கு வரும் ஒரு காயம்கூடக் குறையவில்லை.

ஆனால் தண்டனையைக் குறைப்பது வேறு, வாசலைத் திறந்துவிடுவது வேறு. இரண்டாவதற்கு நான் ஒப்ப மாட்டேன். பரஸ்பர ஏற்பைப் பேசுகிறவர்களில் பலர் மற்ற எல்லாவற்றுக்கும் மாநில உரிமை பேசுகிறவர்கள். கருக்கலைப்பு என்றால் மாநிலம் முடிவு செய்யட்டும், துப்பாக்கி என்றால் வாஷிங்டன் முடிவு செய்யட்டும் என்கிறார்கள். எனக்கு அது ஏற்கவில்லை.

---

பாஸ்டன் இளங்கோ | திங்கள், இரவு 7:55

அக்கா, அதே கேள்வியை நம் பக்கத்தைப் பார்த்தும் கேட்கலாம். ஒரு மாநிலத்தில் நடந்த ஒரே பாலினத் திருமணம் எல்லா மாநிலங்களிலும் செல்ல வேண்டும் என்று போராடியவர்களோடுதான் நாம் நின்றோம்.

இன்னொரு செய்தி. உரிமம் கேட்காத மாநிலங்களில் ஓட்டுகிறவர்களும் கவனிக்க வேண்டியது. பள்ளி வளாகத்திலிருந்து 1,000 அடிக்குள் துப்பாக்கி இருக்கக் கூடாது என்று மத்தியச் சட்டம் இருக்கிறது. 1990-இல் வந்ததை 1995-இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது, காங்கிரஸ் அடுத்த ஆண்டே சொற்களை மாற்றி மீண்டும் கொண்டுவந்தது. அந்தப் பள்ளி இருக்கும் மாநிலமே கொடுத்த உரிமம் இருந்தால் விலக்கு. வேறு மாநில உரிமத்தை அந்த மாநிலம் ஏற்றுக்கொண்டாலும் இந்த விலக்கு கிடைக்காது என்பதே மத்தியத் துப்பாக்கித் துறையின் விளக்கம். சிற்றூர்களின் நடுவே போகும் சாலைகளில் பள்ளியைத் தாண்டாமல் போக முடியுமா? பூட்டிய பெட்டியில், தோட்டா இல்லாமல் வைத்தால் தப்பலாம்.

---

ஆலன்டவுன் அன்பழகன் | புதன், இரவு 10:12

எல்லோருக்கும் நன்றி. மீனாட்சி அக்கா, நீங்கள் திங்கட்கிழமை எழுதியதை மனைவிக்குப் படித்துக் காட்டினேன். அவள் ஒன்றும் பேசவில்லை, எழுந்து போய்க் குழந்தைகள் தூங்குகிறார்களா என்று பார்த்துவிட்டு வந்தாள்.

செவ்வாயன்று ஒரு வழக்கறிஞரைப் பார்த்தேன். வெளிமாநிலத்தவரும் நியூ ஜெர்சி மாநிலப் போலீசில் உரிமத்துக்கு விண்ணப்பிக்கலாம் என்றார். சான்று சொல்ல நான்கு பேர், பயிற்சி, 200 டாலர், சுந்தரி எழுதியது அப்படியே. எனக்கு அங்கே துப்பாக்கி வேண்டாம், கடையில் மட்டும் போதும் என்றேன். அப்படியானால் வேலைக்கு ஒரு வண்டி, குடும்பத்துக்கு ஒரு வண்டி என்று பிரித்துக்கொள்ளச் சொன்னார். எனக்கு இருப்பது ஒரே வண்டி. அதனால் துப்பாக்கி இனி கடையின் பூட்டிய பெட்டியிலேயே இருக்கும், முதலாளி சம்மதித்துவிட்டார்.

கிளம்பும்போது அவர் ஒன்று கேட்டார்: "என்ன தோட்டா பயன்படுத்துகிறீர்கள்?" முனை குழிந்த ஹாலோ பாயின்ட் என்றேன். துப்பாக்கிக் கடைக்காரர் தற்காப்புக்கு அதுதான் ஏற்றது என்று கொடுத்தது. நியூ ஜெர்சியில் வீடு, சுடுதளம் போன்ற சில விலக்குகளைத் தவிர அந்தத் தோட்டாவை வைத்திருப்பதே தனிக் குற்றம், துப்பாக்கி கூடவே இல்லாவிட்டாலும் சரி என்றார். வண்டியை ஒரு முறை நன்றாகப் பார்த்துவிடுங்கள் என்றார்.

நேற்று இரவு சின்னவளின் இருக்கையைக் கழற்றினேன். அடியில் பிஸ்கட் தூள், ஒரு கிரேயான், காய்ந்த திராட்சை. இருக்கைப் பட்டை செருகும் பிளவுக்குள் விரலை விட்டபோது குளிர்ச்சியாக ஏதோ தட்டுப்பட்டது. ஒரே ஒரு தோட்டா. எப்போது விழுந்தது என்று தெரியவில்லை. இந்தப் பயணத்துக்கு முன் மூன்று முறை இதே இருக்கையோடு எடிசனுக்குப் போய் வந்திருக்கிறோம்.